உலக வரலாற்றை நடத்தியவை சமூகங்களுக்கிடையிலான தொடர்புகளா? திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கற்பிப்பது?

கேள்வி
உவர்மலை ஆசிரியை

வணக்கம். திருகோணமலையில் பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து வருகிறேன். ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓர் அலகு, கைத்தொழிற் புரட்சி இன்னோர் அலகு, அமெரிக்க, பிரான்சிய, ரஷ்யப் புரட்சிகள் வேறோர் அலகு, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் இலங்கையை ஆண்ட காலம் அவற்றோடு ஒட்டாத தனிப் பாடங்கள் என்று எல்லாம் பிரிந்து கிடக்கின்றன. பரீட்சைக்கு இப்பிரிப்பு வசதியானதுதான். ஆனால், பிள்ளைகள் ஓர் அலகை மனனம் செய்து முடித்ததும் அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ஒன்றால் மற்றொன்று நடந்தது என்ற எண்ணமே அவர்களிடம் எழுவதில்லை. அமெரிக்கச் சுதந்திரப் போரைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ரீச்சர், இதால எங்கட ஊருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சமூகத்தின் மாற்றத்துக்கு அதன் உள்ளே தோன்றிய காரணங்களே முதன்மையானவை என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். வேறு சிலர், மனித வரலாறு முழுவதையும் ஒரு சமூகம் மற்றொன்றைச் சந்தித்ததன் விளைவாகவே காண்கிறார்கள். இரண்டாவது கருத்துக்குச் சான்றுகள் ஏராளம் என்பதை அறிவேன். பூச்சியத்தோடு கூடிய இந்திய எண்முறை பக்தாத்தில் அல்-குவாரிஸ்மியின் கைக்கு வந்து, 1202இல் பீசா நகரத்து பிபொனாச்சியின் நூல் வழியாக இத்தாலிய வணிகரின் கணக்கேடுகளுக்குள் புகுந்திராவிட்டால், ஐரோப்பாவின் வங்கித் தொழிலும் கணிதமும் வேறு பாதையில் போயிருக்கும். ஆயினும், எல்லாவற்றையும் தொடர்பின் கணக்கில் எழுதிவிட்டால், எமது மக்களை வெளியிலிருந்து வந்ததை வாங்கிக்கொண்டவர்களாக மட்டும் காட்டிவிடுவோமோ என்ற கவலை எனக்கு உண்டு. அறிந்தவர்கள் விளக்கினால், வகுப்பில் பயன்படுத்திக்கொள்வேன்.


பதில் 1
சோளகக்காற்று

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். துறைமுகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரான விடை ஒன்று இருக்கிறது. அமெரிக்கச் சுதந்திரப் போர் எமது ஊருக்கு வந்தது. 1782ஆம் ஆண்டில் மட்டும் திருகோணமலை இரண்டு தடவை கைமாறியது. அந்தக் கைமாற்றங்களுக்கான காரணத்தை இந்தத் தீவுக்குள் தேடினால் கிடைக்காது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் அதை விளங்கிக்கொள்ளாமல் இத்துறைமுகத்தின் வரலாற்றில் எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் எங்கள் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்வதையும், வடகீழ்க் காற்றான வாடை தொடங்குமுன் ஊர் திரும்புவதையும் நாம் கண்டிருக்கிறோம். பாய்க்கப்பற் காலத்தில் பேரரசுகளின் கடற்படைகளையும் இதே காற்றுகள்தான் ஆட்டிவைத்தன. சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகபட்டினம் ஆகிய அனைத்தும் திறந்த கடலைப் பார்த்த கரைகள். கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, அலையைத் தாண்டிச் சிறு படகுகளில்தான் ஆளும் பொருளும் இறங்கவேண்டும். ஒக்டோபரில் வாடையும் புயலும் தொடங்கிவிட்டால் போர்க்கப்பல்கள் அங்கே நிற்கமுடியாது. ஆகவே, பிரித்தானியக் கப்பற்படை இந்தியாவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய், பழுதுபார்த்துக்கொண்டு, அடுத்த ஆண்டிலேயே திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களில் சோழமண்டலக் கரை காவலின்றிக் கிடக்கும். அந்தக் கடற்பரப்பில், எந்தக் காற்றிலும் பெருங்கப்பல்கள் அஞ்சாமல் ஒதுங்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் எங்களுடையது ஒன்றுதான்.

இனிப் போருக்கு வருவோம். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவை எதிர்த்துக் கிளம்பியது 1775இல். பிரான்ஸ் 1778இல் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. ஒல்லாந்து வணிகர்கள் கரீபியன் கடலிலுள்ள சின்னஞ்சிறு சென் யூஸ்ரேசியஸ் தீவின் வழியாக அமெரிக்கருக்கு வெடிமருந்தும் ஆயுதமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு காரணமாக, 1780 டிசெம்பரில் பிரித்தானியா ஒல்லாந்தின் மீது போர் அறிவித்தது. அறிவித்த அந்தக் கணமே, உலகில் ஒல்லாந்தர் வைத்திருந்த துறைமுகங்கள் அனைத்தும் பிரித்தானியருக்குப் பகைவனின் சொத்தாகிவிட்டன. 1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸ் திருகோணமலையைப் பிடித்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், மைசூரின் ஹைதர் அலியோடு கூட்டுச் சேர்ந்திருந்த பிரான்சியத் தளபதி சஃப்ரன் இங்கே படைகளை இறக்கி, கோட்டைகளைப் பிரித்தானியரிடமிருந்து பறித்தார். ஹியூஸின் கப்பல்கள் வந்துசேர்ந்தபோது கோட்டையில் பிரான்சியக் கொடி பறந்தது. செப்டெம்பர் 3ஆம் திகதி இரண்டு படைகளும் எமது கரைக்கு அப்பால் மோதின. சரியாக ஓராண்டு கழித்து, 1783 செப்டெம்பர் 3ஆம் திகதி, அமெரிக்காவின் விடுதலையை ஏற்கும் ஒப்பந்தம் பாரிசில் கைச்சாத்தானது.

பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இன்னொன்று. பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையில் பூர்வாங்க உடன்பாடு 1783 ஜனவரியிலேயே கைச்சாத்தாகிவிட்டது. அச்செய்தி இந்தியக் கடலுக்கு வந்துசேர ஜூன் மாத இறுதியானது. அதற்குச் சில நாட்கள் முன்னர், ஜூன் 20ஆம் திகதி, ஹியூஸும் சஃப்ரனும் கடலூருக்கு முன்னால் மீண்டும் மோதினார்கள். முடிந்துபோன போருக்காக மனிதர்கள் அங்கே செத்தார்கள். உலகம் அப்போதே இணைந்திருந்தது. ஆனால் அந்த இணைப்பு காற்றின் வேகத்தில்தான் இயங்கியது. தொடர்பு என்று பேசும்போது எவ்வளவு வேகமான தொடர்பு, யாருடைய கையில் இருந்த தொடர்பு என்பவற்றையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

சமாதானத்தின்போது ஒல்லாந்தர் திருகோணமலையைத் திரும்பப் பெற்று, நாகபட்டினத்தை இழந்தார்கள். அடுத்த கைமாற்றத்துக்குப் பிரான்சியப் புரட்சி காரணம். 1795 ஜனவரியில் புரட்சிப் படைகள் ஒல்லாந்துக்குள் புகுந்தபோது அதன் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். கியூ அரண்மனையிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள், ஒல்லாந்தரின் கடல்கடந்த உடைமைகளைப் பிரித்தானியப் பாதுகாப்பில் விடுமாறு பணித்தன. கடிதத்தோடு கப்பல்களும் வந்தன. ஓகஸ்டில் திருகோணமலையும், 1796 பெப்ரவரியில் கொழும்பும் விழுந்தன. 1802இல் ஆமியன் உடன்படிக்கையின்படி பிரித்தானியா தான் பிடித்தவற்றில் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுத்தபோது, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டது: ஒன்று டிரினிடாட், மற்றையது இலங்கையின் கரையோரம். அந்த இரண்டாவது முடிவுக்கு எமது குடாவே பெருங்காரணம். பாடநூலில் தனித்தனி அலகுகளாகக் கிடக்கும் அமெரிக்கப் புரட்சி, பிரான்சியப் புரட்சி, இலங்கையில் பிரித்தானியர் ஆட்சி ஆகிய மூன்றும் இந்த நீர்ப்பரப்பில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.


பதில் 2
தம்பலகாமத்தான்

மேலே ஐயா எழுதியதை மிக ஆர்வத்தோடு வாசித்தேன். போர்கள் கோட்டைகளைக் கைமாற்றுகின்றன. பயிர்களும் அவை செய்யாததைச் செய்கின்றன என்பதை, வயலோடு வாழ்பவன் என்ற முறையில் சேர்த்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளை அவரவர் வீட்டுக் குசினியிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். மிளகாய், மரவள்ளி, வற்றாளை, சோளம், கச்சான், கொய்யா, பப்பாசி, அன்னாசி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் ஒன்றையும் 1492க்கு முன்னர் இந்தத் தீவில் எவரும் கண்டதில்லை. எல்லாம் அமெரிக்கக் கண்டங்களில் பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்து வளர்த்த பயிர்கள். அதற்கு முந்திய எமது கறிக்குக் காரம் கொடுத்தது மிளகு. போர்த்துக்கேயக் கப்பலில் வந்த மிளகாயை எந்த அரசனும் ஆணையிட்டுப் பரப்பவில்லை. எந்தத் தோட்டத்திலும் வளர்ந்தது, வறிய வீட்டுக்கும் கட்டுப்படியானது. அதனால் ஊர்ப் பெண்களும் கமக்காரரும் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டவர்களாக மட்டும் எமது மக்களைக் காட்டிவிடுவோமோ என்ற ஆசிரியையின் கவலைக்கு இது ஓரளவு விடையாகும். வந்ததை எடுத்துக்கொள்வதா, விடுவதா, எப்படிச் சமைப்பது என்று முடிவுசெய்தவர்கள் இங்கிருந்தவர்களே.

அந்தப் பயிர்கள் இந்தப் பக்கம் வந்த அதே கப்பல்கள் அந்தப் பக்கம் பெரியம்மையைக் கொண்டுபோயின என்பதையும் மறைக்கக்கூடாது. அந்நோயை அதுவரை அறியாத அமெரிக்கப் பழங்குடிகளில் மிகப் பெரும்பான்மையோர் ஒரே நூற்றாண்டில் நோய்களாலும் கொடுமைகளாலும் மாண்டார்கள்.

ஆனால், நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இறப்பரைப் பற்றி. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்கு அனுப்பினார். மிகச் சிறு பகுதியே முளைத்தது. அவற்றில் ஏறத்தாழ 2,000 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அவ்வேளையில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள், 1869இல் கண்டறியப்பட்ட இலைநோயால் அழிந்துகொண்டிருந்தன. கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. தாழ்நிலத்தில் இறப்பர் பரவியது. எத்தியோப்பியாவின் செடி, சீனத்தின் இலை, பிரேசிலின் மரம், இலண்டனின் மூலதனம், தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்து வழியிலேயே ஆயிரக்கணக்கில் மடிந்த எம்மவரின் உடலுழைப்பு ஆகியவை சேர்ந்தே இந்நாட்டின் பொருளாதாரம் உருவானது. அதே விதைகளின் வழித்தோன்றல்கள் மலாயாவையும் நிறைத்தபோது, 1910க்குப் பின்னர் அமேசன் நகரங்களின் செல்வம் சரிந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் விழுந்தது. மலாயாவின் இறப்பரும் அவர்களிடம் போனது. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும் பங்கு இலங்கையுடையது. மார்ச்சில் ரங்கூன் விழுந்ததோடு, எமக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசியும் நின்றது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை மீது விழுந்த குண்டுகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அரிசிக் கப்பல்கள் வராமல் போனதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கோதுமை மாவும் பாணும் எமது அன்றாட உணவில் வேரூன்றியதில் அக்காலப் பங்கீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பத்து ஆண்டுகள் கழித்து, கொரியப் போர்க் காலத்தில், உலகச் சந்தையில் அரிசி விலை ஏறி இறப்பர் விலை இறங்கியபோது, இலங்கை 1952 டிசெம்பரில் சீனாவோடு ஓர் உடன்படிக்கை செய்தது: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி. அமெரிக்கா அதை விரும்பவில்லை, உதவியையும் நிறுத்திவைத்தது. அமேசன் காட்டில் பொறுக்கிய விதை, முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னர் இந்நாட்டில் பலருடைய கோப்பையில் சீன அரிசிச் சோறாக விழுந்தது.


பதில் 3
மூதூர் வாசகர்

இரண்டு பதில்களும் சிறப்பானவை. ஆயினும், எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்வது நல்லது.

தொடர்புகளே வரலாற்றை ஆக்கின என்று சொல்லும்போது, யார் யாரை எந்த நிலையில் சந்தித்தார் என்பது மறைந்துபோகிறது. ஆபிரிக்காவிலிருந்து அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் கொண்டுசெல்வதற்காக ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் மனிதர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் கரையைக் காணவில்லை. அதையும் தொடர்பு என்கிறோம், அரபு வணிகரும் தமிழ் வணிகரும் ஒரே சந்தையில் விலை பேசியதையும் தொடர்பு என்கிறோம். பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

இரண்டாவதாக, தொடர்பு ஒரு வாய்ப்பை மட்டுமே கொண்டுவருகிறது. அதைக்கொண்டு என்ன நடக்கும் என்பதை உள்ளிருக்கும் சமூகமும் அதன் சட்டமும் அதன் தேவையும் முடிவுசெய்கின்றன. தமிழ் அச்சுக்கலையின் கதை இதற்கு மிகப் பொருத்தமான சான்று. அதில் எமது குடாவுக்கும் ஒரு சிறு இடம் இருக்கிறது.

தமிழ் எழுத்துகளால் அச்சிட்ட முதல் நூல் 1578இல் கொல்லத்தில், போர்த்துக்கேயப் பாதிரியார் என்றீக்கே என்றீக்கசின் முயற்சியால் வெளிவந்தது. இந்திய மொழிகளில் முதன்முதலாகத் தன் எழுத்தில் அச்சேறியது தமிழ்தான். பின்னர் அம்முயற்சி தளர்ந்துபோனது. 1620இல் டேனியக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்து, இங்கே கோட்டை அமைக்க முயன்று, கண்டி மன்னன் செனரத்தோடு பேசியும் காலூன்ற முடியாமல், தஞ்சை நாயக்கரிடம் பெற்ற தரங்கம்பாடியில் நிலைத்தன. அந்தத் தரங்கம்பாடிக்குத்தான் 1706இல் சீகன்பால்கு என்ற செருமானியப் பாதிரியார் வந்தார். சில ஆண்டுகளில் அங்கே அச்சகம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். செனரத்தோடு நடந்த பேச்சு வேறு விதமாக முடிந்திருந்தால் அந்த அச்சகம் எங்கே இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், 1578இலிருந்து இரண்டரை நூற்றாண்டுகளுக்கு அச்சுப்பொறி தமிழகத்தில் இருந்தும் தமிழ்ச் சமூகத்தின் கையில் அது பெரிதாக இருக்கவில்லை. மிஷனரிமாரும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசும் அதை வைத்திருந்தார்கள். கும்பினி ஆட்சிப் பகுதிகளில் அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகள் 1835இல் நீக்கப்பட்ட பின்னரே சுதேசிகளின் அச்சகங்கள் பெருகின. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் வாழ்க்கையைப் பாருங்கள். மெதடிஸ்ட் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் அவர். அச்சும் பாடசாலையும் பிரசங்கமும் எவ்வளவு ஆற்றல் வாய்ந்தவை என்பதை உள்ளிருந்து கண்டறிந்த அவர், 1849 அளவில் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் சைவ நூல்களை அச்சிடத் தொடங்கினார். கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்த கருவி சைவத்தைக் காக்கும் கருவியானது. ஏட்டுச்சுவடிகளில் கிடந்த இலக்கணங்களும் இலக்கியங்களும் பிழைதிருத்திய பதிப்புகளாக வெளிவந்தன. அச்சியந்திரம் கடல் கடந்து வந்தது என்பது உண்மை. அதை எதற்குப் பயன்படுத்துவது என்ற எண்ணம் எந்தக் கப்பலிலும் வந்திறங்கவில்லை.

ஹெயிட்டியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1791இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, பாரிசில் முழங்கிய உரிமைப் பிரகடனத்தை அதை எழுதியவர்களே எண்ணிப்பார்க்காத எல்லைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை அடக்க முடியாத நெப்போலியன் 1803இல் லூசியானா நிலப்பரப்பு முழுவதையும் அமெரிக்காவுக்கு விற்றார். அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. 1804இல் ஹெயிட்டி விடுதலை பெற்றது. சங்கிலியோடு இணைக்கப்பட்டவர்கள் உலக வரைபடத்தை மாற்றினார்கள். தொடர்பு பலவந்தமாக நேர்ந்தபோதும் அதற்குள்ளிருந்த மனிதர்கள் வெறும் சுமைகளாக இருக்கவில்லை.


உவர்மலை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூதூர் வாசகரின் மறுப்பே எனது கவலையைத் தெளிவாக்கியது. சந்திப்பு, அதிகாரம், ஏற்பவரின் முடிவு என்ற மூன்றையும் ஒவ்வோர் எடுத்துக்காட்டிலும் பிள்ளைகளைக் கேட்கவைப்பேன்.

இன்னும் ஒரு கேள்வி. இதுவரை பேசப்பட்டவை பெரும்பாலும் ஐரோப்பியர் வந்த பின்னர் நடந்தவை. வாஸ்கோ ட காமாவின் கப்பலோடுதான் உலகம் இணைந்தது என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் போய்விடக்கூடாது. எமது மாவட்டத்திலேயே நேரில் காட்டக்கூடிய சான்று ஏதேனும் உண்டா?


பதில் 4
நிலாவெளி நூலகம்

உண்டு. பிள்ளைகளை வெல்கம் விகாரைக்கு அழைத்துச் செல்லுங்கள். திருகோணமலை நகரிலிருந்து வடமேற்கே, பெரியகுளத்துக்கு அருகில், காட்டோரத்தில் இருக்கிறது. சோழர் இந்தப் பகுதியை ஆண்ட பதினோராம் நூற்றாண்டில், ஏற்கெனவே அங்கிருந்த அந்தப் பௌத்தப் பள்ளி இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரைப் பெற்றது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், தமிழர்கள் அப்பள்ளிக்கு நந்தாவிளக்குகளையும் பசுக்களையும் கொடையாக வழங்கியதைப் பதிவுசெய்துள்ளன. சைவ மன்னனின் பெயர், பௌத்தப் பள்ளி, தமிழில் எழுதிய கொடை ஆகிய மூன்றும் அந்தக் கற்களில் ஒருங்கே இருக்கின்றன. இன்றைய பிரிவுகளை அப்படியே பழங்காலத்தில் கொண்டுபோய்ப் பொருத்தும் பழக்கம் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தக் கற்களுக்கு முன்னால் நின்று வாசித்தால் அது தளரும். எழுத்துகள் தேய்ந்திருப்பதால், வெயில் சாய்வாக விழும் காலை வேளையில் போனால்தான் கோடுகள் தெளிவாகத் தெரியும்.

அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு சுறுசுறுப்பாயிருந்தது என்பதற்கு நாகபட்டினத்தைச் சொல்லலாம். சுமாத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகபட்டினத்தில் சூடாமணி விகாரையை எழுப்பினான். முதலாம் இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாக விட்டான். அத்தானத்தைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஒல்லாந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இராஜராஜனின் மகன் இராஜேந்திரனோ 1025 அளவில் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படை அனுப்பி, மலாய்த் தீபகற்பத்திலுள்ள கடாரத்தை வென்றான். தந்தை காலத்தில் தானம், மகன் காலத்தில் படையெடுப்பு. சீனத்துக்குப் போகும் வணிகப் பாதையைக் கட்டுப்படுத்துவது யார் என்ற போட்டி இடையில் வளர்ந்திருந்தது. மூதூர் வாசகர் கேட்கும் அதிகாரக் கேள்வி ஐரோப்பியர் வருமுன்னரே இந்தக் கடலில் இருந்ததை இது காட்டுகிறது. அரசர்களின் படைகள் திரும்பிய பின்னரும் வணிகர்கள் அங்கேயே இருந்தார்கள்: சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாரூசுக்கு அருகே, 1088ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் கணம் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதே ஐந்நூற்றுவரின் கல்வெட்டுகள் எங்களுக்கு வடக்கே பதவியாவிலும் உள்ளன.

கொழும்புக்குச் சுற்றுலா போனால் தேசிய நூதனசாலையில் காலிக் கல்வெட்டைக் காட்டத் தவறாதீர்கள். சீனக் கடற்தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியோடு கொண்டுவந்த கல் அது. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்முனையான தெவிநுவரையில் கோயில்கொண்ட தென்னாவரநாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கைகளைக் குறிப்பிடுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. சீனப் பேரரசன் இலங்கைக் கரையில் யாரோடு பேசவேண்டும் என்று அறிந்திருந்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும், அதே செங் ஹே 1411 அளவில் இங்கே போரிட்டு, அப்போது இங்கு அதிகாரம் செலுத்திய அழகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.


பதில் 5
சோளகக்காற்று

நிலாவெளியார் எழுதியதற்குப் பின்னர் எனக்குச் சொல்ல ஒன்றே இருக்கிறது. வகுப்பில் ஒரு பாடவேளைக்குள் செய்யக்கூடிய பயிற்சி அது.

எமது ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதக்கிறது. எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி என்ற அக்கப்பல் 1817இல் பம்பாயில், பார்சிகளான வாடியா குடும்பத்தாரின் கைவண்ணத்தில் கட்டி முடிக்கப்பட்டது. நெப்போலியனோடு நடந்த நீண்ட போர்களால் இங்கிலாந்தில் கருவாலி மரம் அருகிப்போனதால் இந்தியத் தேக்கில் கட்டினார்கள். அதன் வடிவமைப்பு, 1782இல் பிரித்தானியர் கைப்பற்றிய எபே என்ற பிரான்சியக் கப்பலைப் பார்த்து வரைந்தது. வரைபடங்களின் முதற் பிரதியை ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பலை 1812 டிசெம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்ரிரியூஷன் அழித்துவிட, மறுபிரதி வரும்வரை பம்பாயில் வேலை காத்துக்கிடந்தது.

பிள்ளைகளிடம் கப்பலின் பெயரையும் 1817 என்ற ஆண்டையும் மட்டும் கொடுங்கள். ஏன் பம்பாய், ஏன் தேக்கு, ஏன் பிரான்சிய வடிவம், வரைபடம் ஏன் பிந்தியது, ஏன் எமது ஊரின் பெயர் என்ற ஐந்து கேள்விகளை ஐந்து குழுக்களாகப் பிரித்துத் தேடச் சொல்லுங்கள். உங்கள் மாணவியை ஐந்தாவது குழுவில் போடுங்கள். 1782இல் இங்கே நடந்தவற்றை அவரே கண்டுபிடித்து வகுப்புக்குச் சொல்லட்டும்.